ஐம்பத்துமூன்று மணி

ஜெஸிந்தா ஐம்பத்துமூன்று மணி ஜெபத்தைப் பதினொரு நிமிடத்தில் சொல்லி முடிப்பாள். குன்னூருக்குக் கீழே இருக்கும் எங்கள் கோயில் பங்கில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெபமாலையில் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்வதற்கென்று ஐம்பத்துமூன்று மணிகள் கோத்திருக்கும். முதலில் மூன்று, பிறகு ஐந்து பத்துகள். அதனால் எங்கள் பழைய ஆட்கள் ஜெபமாலைக்கே ஐம்பத்துமூன்று மணி ஜெபம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நிதானமாகச் சொன்னால் இருபது நிமிடம் ஆகும். எனக்கு இருபத்திரண்டு ஆகும். “இப்படி ஓடினா மாதாவுக்கே மூச்சு வாங்கும், ஜெஸிந்தா” என்று ஒருமுறை கடிந்துகொண்டேன்.

“மாதாவும் எஸ்டேட்டுல வேல பாத்திருந்தா வேகமாத்தான் டீச்சர் கேப்பாங்க. கொழுந்து எடைக்கு நேரமாகுதில்லங்க” என்றாள். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு.

நான் முப்பத்தோரு வருடம் பங்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்தவள். ஓய்வு பெற்றும் சிவப்புப் பேனா கையை விட்டுப் போகவில்லை. கோயில் அறிவிப்புப் பலகையில் ஒற்று விடுபட்டிருந்தால் அதைப் போட்டுவிட்டுத்தான் பூசைக்கே உள்ளே போவேன். பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பது என்னால் ஆகாத காரியம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னால் இதனால்தான் நான் படாத பாடு பட்டேன்.

ஜெஸிந்தாவுக்கு நாற்பத்தொன்பது வயது. எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள், பதினாறு வயதில் கொழுந்து பறிக்கப் போனவள். ஃபேக்டரியில் வேலை பார்த்த கணவன் ஜஸ்டஸ் ஒன்பது வருடத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போய்விட்டான். மகள் ஷைனாவைத் தனியாளாகப் படிக்கவைத்தாள். ஷைனா இப்போது குன்னூரில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். ஜெஸிந்தாவின் சொத்து என்று சொன்னால் அந்தப் பெண்ணும், தன் குரலும்தான்.

குரல் என்றால் இனிமையான குரல் என்று நினைத்துவிட வேண்டாம். தகரத்தில் தட்டின மாதிரி இருக்கும். ஆனால் எட்டும். பனிமூட்டமாக மஞ்சு இறங்கிவிட்டால் தேயிலைக் காட்டில் பக்கத்து வரிசையில் இருப்பவள்கூடத் தெரியமாட்டாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு நாளில் கீழ்க்காட்டில் காட்டெருமை வந்து நின்றிருக்கிறது. மேலே இருந்து இவள் போட்ட சத்தத்தில் பதினொரு பெண்கள் சாக்கைப் போட்டுவிட்டு ஓடித் தப்பினார்கள். அதற்குப் பிறகு மஞ்சு கட்டினால் எல்லோரும் இவள் குரலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டேதான் பறிப்பார்கள். இவளும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாள். கோயிலிலும் அப்படித்தான். சிலுவைப் பாதையில் இவள் எடுத்துக் கொடுத்தால்தான் கூட்டம் பாடும்.

போன கிறிஸ்துமஸுக்கு எடுத்த ஜாக்கெட் கழுத்தில் இறுக்குகிறது என்றாள். தையல்காரரைத் திட்டினாள். தையல்காரர் மேல் தப்பில்லை, கழுத்தில் கட்டி வந்திருந்தது. கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி குத்திப் பார்த்துவிட்டு, சந்தேகமாக இருக்கிறது, எடுத்தாக வேண்டும், எடுத்த பிறகுதான் முழுதாகத் தெரியும் என்றார்கள். அதோடு டாக்டர் நேர்மையான மனிதராக இருந்ததுதான் வினை. குரலுக்குப் போகும் நரம்பு கட்டியை ஒட்டியே போகிறது, நூறு பேரில் ஒருவர் இருவருக்குக் குரல் மாறிப்போவது உண்டு என்றும் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் மற்ற தொண்ணூற்றெட்டுப் பேர் ஜெஸிந்தாவின் காதில் விழவே இல்லை.

ஜனவரியில் ஆப்பரேஷனுக்கு முதல்முறையாகத் தேதி கொடுத்தார்கள். தாயும் மகளும் போனார்கள். படுக்கை எல்லாம் போட்ட பிறகு, “டீ குடிச்சிட்டு வந்துடறேன்” என்று வெளியே போனவள் மேட்டுப்பாளையம் பஸ் ஏறி மலைக்கே வந்துவிட்டாள். ஷைனா ஆஸ்பத்திரி முழுக்கத் தேடி அழுதுவிட்டு ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தாள். ஒரு வாரம் தாயோடு பேசவில்லை.

அதன் பிறகு ஜெஸிந்தா உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. வேலை முடிந்து வந்து வீட்டுக்கு வெள்ளையடித்தாள். அடித்த சுவரையே மறுபடி அடித்தாள். மேரக்காய்ப் பந்தலைப் பிரித்துக் கட்டினாள். பக்கத்து வீட்டு விறகையெல்லாம் பிளந்து கொடுத்தாள். பூசைக்கு வந்தால் கடைசியில் கதவோரம் நிற்பாள், நற்கருணை வாங்கியதும் போய்விடுவாள். ஜெபமாலையில் மூன்றாவது பத்தில் நின்றுவிடுகிறது, மேலே போகவில்லை என்று ஷைனாதான் என்னிடம் சொன்னாள். மலையிலேயே வேகமான வாய் அது.

தவக்காலம் வந்தது. எங்கள் பங்குத்தந்தை ஃபாதர் ஷிஜோ கூடலூர்ப் பக்கத்துக்காரர், இளவயது. நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜெபத் துணை என்று திட்டம் போட்டார். துணையாக இருப்பவர் வாரம் மூன்று நாள் வீட்டுக்குப் போய்க் கூட இருந்து ஜெபிக்க வேண்டும். ஜெஸிந்தாவுக்கு என்னைப் போட்டார்.

“டீச்சரே, போயி கூட இருந்தா மதி. பிரசங்கம் ஒண்ணும் வேண்டா” என்றார். மதி என்றால் மலையாளத்தில்தான் போதும், தமிழில் அறிவு என்று சொல்ல வாயெடுத்தேன். சாமியாராயிற்றே என்று விட்டுவிட்டேன்.

விபூதிப் புதன் முடிந்து அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனேன். ஜெஸிந்தா லைன் வீட்டுப் பைப்படியில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. பக்கத்தில் குடத்தோடு அங்கம்மா நின்றுகொண்டிருந்தாள். அங்கம்மா அடுத்த வீட்டுக்காரி, ஜெஸிந்தாவுக்கு ஆறு வயது மூத்தவள், அதே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். லைனில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு விளக்குப் போடுகிறவள். அதிகம் பேசமாட்டாள்.

நான் ஜெபத் துணையாக வந்திருக்கிறேன் என்றதும் ஜெஸிந்தா அண்டாவை ணங்கென்று வைத்தாள்.

“ஊட்டுல வந்து ஒருத்தரும் உக்கார வேண்டாங்க டீச்சர். பக்கத்துல உக்காந்து என்ர கழுத்தையே பாத்துக்கிட்டு இருப்பாங்க, எனக்குப் பத்திக்கிட்டு வருது. எனக்காக யாராச்சும் அம்பத்திமூணு மணி ஜெபம் பண்ணினாப் போதுமுங்க. அதுக்கு மேல எனக்கு எதுவும் வேண்டாம்.”

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தோரு வருடம் பிள்ளைகளே என்னிடம் அப்படிப் பேசியதில்லை. குடையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். வீட்டிலிருந்தே ஜெபித்தேன், அதையும் கோபமாகத்தான் ஜெபித்தேன்.

பத்தொன்பது நாள் கழித்து மனசு கேட்காமல் மறுபடி போனேன். உள்ளே நான் கண்டது என்னை இன்னும் எரிச்சலாக்கியது. யாரும் வந்து உட்கார வேண்டாம் என்றவள் வீட்டில், அடுப்படிக் கதவோரம் பிளாஸ்டிக் முக்காலியில் அங்கம்மா உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே ஜெஸிந்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்பதைக் கவனியுங்கள். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

“கொஞ்சம் பொறுங்க டீச்சருங்க. இன்னி எட்டு நிமிஷம் இருக்குது” என்றாள் அங்கம்மா, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து.

ஜெஸிந்தா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். அங்கிருந்து திண்டாட்டத்தோடு வாசலைப் பார்த்தாள். ஒரு கால் வாசற்படிக்கு வெளியே போயிற்று.

“போ அம்முணி. ஆனா அந்த நேரம் சேராது” என்றாள் அங்கம்மா, தலையை நிமிர்த்தாமலே. கால் உள்ளே வந்தது.

எட்டு நிமிடம் ஆனதும் அங்கம்மா பூண்டை முறத்தில் ஒதுக்கிவிட்டு எழுந்தாள். சுவரில் எங்கள் பங்குக் காலண்டர் தொங்கியது. அதில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். வரிசையாகக் கோடுகள் இருந்தன.

“பத்தொம்பது மணி ஆச்சுங்க டீச்சருங்க. இன்னி முப்பத்திநாலு. உங்க சாமிக்கு அம்பத்திமூணு மணி நேரம்னு அம்முணி சொல்லுச்சில்லீங்க, நீங்களும் பைப்படியில இருந்தீங்களே. ஒரே மூச்சுல உக்கார முடியுங்களா? வேலைக்குப் போகோணுமில்லீங்க. அதான் நாளைக்கு ஒரு மணி.”

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. மணியை மணி நேரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் வாயைத் திறந்தேன். திறக்காமல் எப்படி? ஒரு மனுஷி பத்தொன்பது நாளாக ஒரு சொல்லைப் பிழையாகப் புரிந்துகொண்டு, தேயிலைக் காட்டிலிருந்து திரும்பியும் திரும்பாமலும் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

“அங்கம்மா, அது வந்து...” என்று தொடங்கியதும் ஜெஸிந்தா என் கையைப் பிடித்தாள். பிடித்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். மேரக்காய்ப் பந்தலுக்குக் கீழே நிறுத்தினாள்.

“சொல்லிப்போடாதீங்க டீச்சர்.”

“உனக்குத் தெரியுமா?”

“மொத நாளே தெரியுமுங்க. சிரிப்பாணி வந்துது. சொல்லிப்போடலாம்னுதான் இருந்தேன்.” கழுத்தைத் தொட்டுக்கொண்டாள். “அம்பத்திமூணு மணிய நான் பதினோரு நிமிஷத்துல முடிச்சிருவனுங்க. முடிச்சிட்டு? ஆமென் சொன்ன அடுத்த நிமிஷம் பயம் அப்படியே அங்கதான் நிக்குது. இந்தக்கா வந்து உக்காந்தா ஒரு மணி நேரம் நான் எங்கயும் போக முடியறதில்ல. எந்திரிச்சா சேராதுங்குது. எனக்காக ஒருத்தி கணக்குப் போட்டுட்டு உக்காந்திருக்கறப்ப எப்படிங்க ஓடறது?”

“ஆனா அது பிழை, ஜெஸிந்தா” என்றேன். என் வாயிலிருந்து வேறென்ன வரும்.

“இருந்துட்டுப் போகட்டுமுங்க” என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு வந்த பொறாமையை மறைப்பதற்கில்லை. ஜெபத் துணை என்று பங்கே நியமித்தது என்னை. ஒரு மந்திரம்கூடத் தெரியாமல் அந்த இடத்தில் போய் உட்கார்ந்திருந்தவள் அவள்.

அடுத்த தேதி ஈஸ்டர் முடிந்த வெள்ளிக்கிழமைக்கு விழுந்தது. வியாழக்கிழமை நாங்கள் நாலு பேரும் கோயமுத்தூருக்குக் கிளம்பினோம். அங்கம்மா இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். பஸ்ஸில் ஜெஸிந்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பர்லியாரிலிருந்து மேட்டுப்பாளையம் போய்க் கொஞ்ச தூரம் வரைக்கும் ஒரு மணியைக் கழித்துவிட்டாள். அது நாற்பத்துநாலாவது.

“இன்னி ஒம்பது இருக்குது. முடியறதுக்குள்ள ஆப்பரேசன் வருதே” என்று அவளுக்கு ஒரே கவலை. டாக்டர் கத்தி வைப்பதைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். நாளைக்கு ஒரே நாளில் ஒன்பது மணி நேரமும் உட்கார்ந்துவிடுவது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கம்மா ஜெஸிந்தாவின் கட்டில் பக்கத்தில் முக்காலியைப் போட்டாள். ஒன்பது மணிக்கு ஆப்பரேஷன் தியேட்டருக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது ஆயிற்று, வரவில்லை. ஏதோ அவசர கேஸ் என்றார்கள். பத்து ஆயிற்று. ஜெஸிந்தா படுத்தாள், எழுந்தாள், ஜன்னலைத் திறந்தாள், பச்சை கவுனின் முடிச்சை அவிழ்த்துக் கட்டினாள். கீழே ரோட்டில் மேட்டுப்பாளையம் பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போயிற்று. அவள் முகம் போன போக்கைப் பார்த்து ஷைனா எழுந்து கதவுப் பக்கம் போனாள்.

பத்தே முக்காலுக்கு ஜெஸிந்தா செருப்பைத் தேடினாள்.

“ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்” என்றாள்.

முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். டீயாம். ஷைனா கதவை மறித்து நின்றாள். “அம்மா, இந்தத் தடவையும் போனீன்னா நான் உங்கூட இருக்கமாட்டேன்” என்று அழுதாள். நானும் என் பங்குக்கு அதட்டினேன். எங்கள் இரண்டு பேரையும் விலக்கிக்கொண்டு போகிற தெம்பு அந்த உடம்பில் இருந்தது.

அங்கம்மா முக்காலியை விட்டு அசையவில்லை. “வழிய விடுங்க டீச்சருங்க. போய்ட்டு வரட்டும்” என்றாள். பிறகு ஜெஸிந்தாவைப் பார்த்தாள். “போ அம்முணி. ஆனா அந்த நேரம் சேராது. நீ வந்தப்புறம்தான் மறுக்கா எண்ணோணும். நாப்பத்தேழே முக்கால்ல நிக்குது. நான் இங்கயே உக்காந்திருக்கறேன்.”

ஜெஸிந்தா ஒரு செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது, எனக்கு அது பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டைவிட நீளமாக இருந்தது. பிறகு செருப்பைக் கழற்றினாள். கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். அங்கம்மா தன் கையை நீட்டி அவள் முழங்காலில் வைத்தாள். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

பதினொன்றரைக்கு வந்து கூட்டிப் போனார்கள்.

நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் ஜெபமாலையை எடுத்தேன். முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு முழுசாகச் சொன்னேன். மூன்றாவதில் நின்றுபோனது. எழுந்து நடந்தேன். தண்ணீர் குடித்தேன். நோட்டீஸ் பலகையில் நான்கு பிழை இருந்தது, திருத்தப் பேனா எடுக்கவில்லை. மறுபடி நடந்தேன்.

“நீங்க உக்காருங்க டீச்சருங்க. நீங்களும் இப்படிப் பண்ணினா எனக்குக் கணக்கு விட்டுப் போவுது” என்றாள் அங்கம்மா. உட்கார்ந்தேன்.

“நீ என்னதான் சொல்லி வேண்டிக்கறே, அங்கம்மா?” என்று கேட்டேன். ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்த கேள்வி.

“மொத நாளு சொன்னதுதானுங்க. இந்தப் புள்ளையப் பாத்துக்கோன்னு. அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லறதில்லீங்க. ஒரே பேச்சையே அம்பது தடவ சொன்னா சாமிக்குக் கோவம் வராதுங்களா?”

ஐம்பத்துமூன்று தடவை, அங்கம்மா, ஐம்பத்துமூன்று தடவை என்று சொல்ல நாக்கு துடித்தது. மாலையைக் கைப்பைக்குள் போட்டேன். அவள் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். டாக்டர் வரும்வரை அங்கிருந்து எழவில்லை.

மூன்று மணிக்குக் கட்டியை எடுத்துவிட்டதாக டாக்டர் வந்து சொன்னார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, பரிசோதனை ரிப்போர்ட் வரப் பத்து நாள் ஆகும் என்றார். குரல் எப்படி என்று ஷைனா கேட்டாள். கண் விழித்துப் பேசட்டும், பார்க்கலாம் என்று போய்விட்டார்.

நான்கு மணிக்கு எங்களை உள்ளே விட்டார்கள். கழுத்தில் பெரிய கட்டோடு ஜெஸிந்தா படுத்திருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. ஷைனா, “அம்மா” என்றாள். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டாம் முறையும் அசைந்தது. காற்றுதான் வந்தது. மூன்றாம் முறை வந்தது. கரகரவென்று, தூரத்தில் யாரோ தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி, ஆனால் அவளுடையதுதான்.

“மணி எத்தன?”

ஷைனா அழுகையும் சிரிப்புமாக ஃபோனைப் பார்த்தாள். “நாலு ஆச்சும்மா, நாலு.”

ஜெஸிந்தா இல்லை என்று விரலை ஆட்டினாள். கண் எங்களைத் தாண்டி அங்கம்மாவிடம் போயிற்று.

“அம்பத்திமூணு, அம்முணி” என்றாள் அங்கம்மா. “முடிஞ்சுது.”

வெளியே வந்ததும் அங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கொஞ்சம் தெளிந்ததும் கவலையோடு என் பக்கம் திரும்பினாள்.

“ஏனுங்க டீச்சருங்க, ரிப்போர்ட்டு வர இன்னி பத்து நாளு கெடக்குதுன்னு அந்த டாக்டரு சொன்னாருங்களே. அந்தப் புள்ள ஊட்டுக்கு வந்தா மறுக்கா குதிக்க ஆரம்பிச்சிருமுங்க. ரிப்போர்ட்டுக்கு உங்க சாமிக்கு எத்தன மணிங்க?”

எனக்குத் தெரிந்த விஷயத்தை என்னிடம்தான் கேட்டாள். முப்பத்தோரு வருடம் தமிழ் எடுத்தவள் நான்.

“அதுக்கும் ஐம்பத்துமூன்று மணி நேரம்தான், அங்கம்மா” என்றேன். “நாள் குறைவா இருக்கு. பாதி நான் உக்காந்துக்கறேன்.”